கப்பலின் வேகம் முடிவாகும் இடம்

கப்பல் எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்பதைக் கேப்டன்தான் முடிவு செய்கிறார் என்று கரையில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். கப்பலில் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். இன்ஜின் ரூமில் சில வருடங்கள் போன பிறகு, கம்பெனி ஆபீஸில் இருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள் என்று தோன்றியது. லண்டனில் படிக்க வந்த பிறகுதான் முழுக் கதையும் புரிந்தது. உலகம் சுற்றும் சரக்குக் கப்பல்களில் பலவற்றின் வேகம் வாடகை ஒப்பந்தத்தின் ஒரு வரியில் முடிவாகிவிடுகிறது. சரக்கை அனுப்புகிறவரும் கப்பல்காரரும் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது கப்பல் வேறு ஏதோ ஒரு கடலில் இருக்கும். ஒப்பந்தம் பெரும்பாலும் ஆங்கிலச் சட்டத்துக்கு உட்பட்டது. தகராறு வந்தால் லண்டனில் நடுவர்கள் தீர்ப்பார்கள் என்று அதிலேயே எழுதியிருக்கும்.

நான் சீஃப் இன்ஜினியராக இருந்த ஒரு மொத்தச் சரக்குக் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவின் நியூகாஸில் துறைமுகத்துக்கு நிலக்கரி ஏற்றப் போய்க்கொண்டிருந்தோம். நாளொன்றுக்கு 30 டன்னுக்கு மேல் எரிபொருள் குடித்துக்கொண்டு முழு வேகத்தில் ஓட்டம். துறைமுகத்துக்கு வெளியே ஏற்கெனவே கப்பல்கள் வரிசை கட்டி நிற்கின்றன, போனவுடன் இடம் கிடைக்கப் போவதில்லை என்பது ஏஜென்ட் அனுப்பிய செய்தியிலேயே இருந்தது. ஆனாலும் வேகத்தைக் குறைக்க அனுமதி வரவில்லை. போய்ச் சேர்ந்தோம், நங்கூரம் போட்டோம், வாரக்கணக்கில் காத்துக் கிடந்தோம். அந்த நாட்களில் எக்ஸாஸ்ட் வால்வு மாற்றும் வேலையை நிதானமாக முடித்தோம் என்பதைத் தவிர, வேகமாக வந்ததால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

இன்ஜினியருக்கு இது ஏன் வலிக்கும் என்றால், கணக்கு அப்படி. கப்பலின் வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் தேவைப்படும் குதிரைத்திறன் கிட்டத்தட்ட 27 சதவீதம் குறையும். பயணம் கொஞ்சம் நீளும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அதே தூரத்துக்கு எரிபொருள் சுமார் 19 சதவீதம் மிச்சம். புதிய இயந்திரம் வேண்டாம், புதிய எரிபொருள் வேண்டாம், கவர்னரில் கை வைத்தால் போதும். இதைத் தெரிந்துகொண்டே எண்ணெயை எரித்து, போய் நங்கூரம் போடுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கடல் வேலையை விட்டுவிட்டு கடல்சார் கொள்கையில் முதுகலை படிக்க லண்டன் வந்ததற்கு நான் சொல்லக்கூடிய காரணங்களில் இதுதான் முதன்மையானது.

நான் தூத்துக்குடிக்காரன். தாத்தா தோணியில் தண்டல், அதாவது தோணியின் தலைவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயமும் காய்கறியும் ஓடும் கொண்டுபோன மரத்தோணிகள் அவருடைய உலகம். வ.உ.சி. 1906இல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஊரில் பிறந்த பிள்ளைக்குக் கப்பல் என்றால் என்ன என்று யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. சென்னையில் மரைன் இன்ஜினியரிங் படித்தேன். தகுதிச் சான்றிதழுக்கான வாய்மொழித் தேர்வு, எங்கள் பேச்சில் ஓரல்ஸ், கொடுக்க ராஜாஜி சாலை ஆங்கர்கேட் கட்டடத்துக்குப் போகும்போது வயிறு கலங்காத மரைன் இன்ஜினியர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். ஐந்தாவது, நான்காவது, மூன்றாவது, செகண்ட், சீஃப் என்று வழக்கமான படிகள்தான். அதில் விசேஷமாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் ஒரு வேலையை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். சட்டம் என்பது இன்ஜின் ரூமில் எப்படி வந்து இறங்குகிறது என்பதை அதில் பார்க்கலாம்.

வடகடல், இங்கிலீஷ் கால்வாய், பால்டிக் ஆகியவை கந்தகக் கட்டுப்பாட்டுப் பகுதிகள். 2015 ஜனவரி 1 முதல் அங்கே எரிக்கும் எண்ணெயில் கந்தகம் 0.10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இப்படிப்பட்ட கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கு வெளியே அப்போது 3.50 சதவீதம் வரை அனுமதி இருந்தது. கால்வாய்ப் பக்கம் இந்தப் பகுதியின் மேற்கு எல்லை 5 டிகிரி மேற்குத் தீர்க்கரேகை. பிஸ்கே விரிகுடாவைக் கடந்து வடக்கே ஏறினால் பிரான்ஸின் உஷாந்த் தீவுப் பக்கம் அந்தக் கோடு வரும். அதைத் தொடுவதற்குள் கனரக எண்ணெயிலிருந்து கேஸ் ஆயிலுக்கு மாறியிருக்க வேண்டும்.

கனரக எண்ணெய் சாதாரண வெப்பநிலையில் தார் போலக் கிடக்கும். ப்யூரிஃபையரில் 98 டிகிரிக்குச் சூடாக்கிச் சுத்தம் செய்து, பிறகு 130, 140 டிகிரி வரை ஏற்றினால்தான் இன்ஜெக்டர் வழியாகத் தெளிக்கும் பதத்துக்கு வரும். கேஸ் ஆயில் நேர் எதிர். 40 டிகிரியிலேயே தண்ணீர் மாதிரி ஓடும். சூடான குழாய்களுக்குள் அதை அவசரப்பட்டு விட்டால் அதன் மசகுத்தன்மை போய்விடும். ஃப்யூவல் பம்பின் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். வெப்பநிலை சட்டென்று விழுந்தால் ஒன்று முந்திச் சுருங்கி இன்னொன்றைக் கவ்விக்கொள்ளும். ஆகவே நிமிடத்துக்கு இரண்டு டிகிரிக்கு மேல் இறக்கக் கூடாது.

ஒரு குளிர்கால அதிகாலை. நான் செகண்ட். மூன்றாவது இன்ஜினியர் காரைக்கால் பையன். வாட்ச் முடிந்தும் அவன் மேலே போகவில்லை. நீராவியைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, வெப்பநிலை இறங்குவதைப் பார்த்துக்கொண்டே மூன்றுவழி வால்வைத் திருப்பினோம். அவன் ஒவ்வொரு யூனிட்டாகப் போய் பம்ப் உறையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தபடி நடந்தான். "நாலாவது யூனிட் ரேக் கொஞ்சம் பிடிக்கிற மாதிரி இருக்கு சார்" என்றான். போய்ப் பார்த்தேன். பம்ப் தரும் எண்ணெயின் அளவை மாற்றும் அந்த ரேக்கைக் கையால் அசைத்தால் போக வேண்டிய அளவு போகவில்லை. வெப்பநிலை இறக்கத்தை அங்கேயே நிறுத்தி, பிரிட்ஜுக்குப் போன் செய்து, ஆர்.பி.எம்.மைக் குறைக்கச் சொன்னோம். அந்த நேரத்தில் எங்களைச் சுற்றி, உலகத்திலேயே கப்பல் நெரிசல் மிகுந்த வழித்தடங்களில் ஒன்று. பம்ப் கவ்வி இன்ஜின் நின்றிருந்தால் கப்பல் காற்றின் போக்கில் கரைப் பக்கம் ஒதுங்கும். பத்து நிமிடம் காத்திருந்தோம். ரேக் தளர்ந்தது. மறுபடியும் மெதுவாக இறக்கினோம். முடித்த நேரம், கப்பல் இருந்த அட்சரேகை, தீர்க்கரேகை, ஒவ்வொரு டேங்கிலும் இருந்த எண்ணெயின் அளவு எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அடுத்த துறைமுகத்தில் இன்ஸ்பெக்டர் முதலில் கேட்பது அந்தப் பக்கத்தைத்தான்.

இதெல்லாம் கப்பல்களால் வரும் மாசைத் தடுக்கும் மார்போல் ஒப்பந்தத்தின் ஆறாவது இணைப்பில், 14ஆவது விதியின் ஒரு சிறு பத்தி. அந்தப் பத்தியை நான் குறை சொல்லவில்லை. கப்பல் புகையில் இருக்கும் கந்தகம் கரையோர மக்களின் நுரையீரலுக்குள் போகிறது. 2020 ஜனவரி 1 முதல் உலகம் முழுவதற்கும் 0.50 சதவீதம் என்று வரம்பை இறக்கியதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். கால்வாயில் அந்த அதிகாலை எனக்கு எழுந்த கேள்வி வேறு. இந்தப் பத்தியை எழுதியபோது அந்த அறையில் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு நாலாவது யூனிட்டின் ரேக் எப்படிப் பிடிக்கும் என்று தெரிந்திருக்கும்?

லண்டனில் படிப்பு தொடங்கியபோது எனக்குப் பழக்கமே இல்லாத இரண்டு விஷயங்களைச் செய்யச் சொன்னார்கள். ஒன்று, ஐயாயிரம் வார்த்தையில் கட்டுரை எழுதுவது. இன்ஜின் ரூம் எழுத்து என்பது நேரம், வெப்பநிலை, அழுத்தம், கையெழுத்து, அவ்வளவுதான். இரண்டாவது, எந்த விதியைப் படித்தாலும் 'இதற்குச் செலவு யாருடையது, லாபம் யாருடையது' என்று கேட்பது. இந்த இரண்டாவது பழக்கம்தான் எனக்கு அந்த ஒரு வருடத்தின் பெரிய சம்பாத்தியம். நியூகாஸில் வரிசைக்கு விடை அங்கேதான் கிடைத்தது. பயண வாடகை ஒப்பந்தத்தில் கப்பல் தாமதமின்றி, முடிந்த வேகத்தில் போயாக வேண்டும் என்ற கடமை இருக்கிறது. கேப்டன் தானாக மெதுவாகப் போனால் ஒப்பந்தத்தை மீறியவர் ஆகிறார். போய்ச் சேர்ந்து, தயார் என்று நோட்டீஸ் கொடுத்த பிறகுதான் காத்திருப்புக் கணக்கு ஓடத் தொடங்கும். அனுமதித்த நேரத்துக்கு மேல் காத்திருந்தால் சரக்குக்காரர் கப்பல்காரருக்குத் தாமதக் கட்டணம் தர வேண்டும். பல துறைமுகங்களில் முதலில் வந்தவருக்கு முதல் இடம். ஆகவே விரைந்து போய்க் காத்திருப்பதுதான் எல்லோருக்கும் புத்திசாலித்தனம். கடலுக்கும் காற்றுக்கும் மட்டும்தான் நஷ்டம். அவை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதில்லை.

இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. துறைமுகத்தில் இடம் எப்போது கிடைக்கும் என்று முன்கூட்டியே ஒத்துக்கொண்டு, அந்த நேரத்துக்கு வரும்படி வேகத்தைக் குறைத்து, மிச்சமான எரிபொருள் செலவை இரு தரப்பும் பகிர்ந்துகொள்ளும் ஷரத்துகளைக் கப்பல்காரர் சங்கங்களே எழுதி வைத்திருக்கின்றன. ஆனால் அதை ஒப்பந்தத்தில் சேர்க்க, சரக்கின் சொந்தக்காரர், கப்பல்காரர், துறைமுகம் மூவரும் ஒரே நேரத்தில் சம்மதிக்க வேண்டும். இன்ஜினைப் பற்றித் தெரிந்தவர் ஒப்பந்தத்தைப் பற்றியும் பேசத் தெரிந்தவராக இருந்தால் அந்தச் சம்மதம் கொஞ்சம் சீக்கிரம் கிடைக்கும். இதை நான் அனுபவத்தில் பார்த்துவிட்டேன்.

லண்டனில் கப்பல் துறைப் படிப்புகள் ஒரே கூரையின் கீழ் கிடையாது. கப்பல் வடிவமைப்பும் மரைன் இன்ஜினியரிங்கும் வேண்டுமென்றால் யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன். கிரீனிச் கடற்படைக் கல்லூரியில் நடந்துகொண்டிருந்த போர்க்கப்பல் வடிவமைப்புப் பாடம் 1967இல் அங்கே இடம் மாறியது. அதே பல்கலைக்கழகத்தில் கப்பல்களின் கரிம உமிழ்வை ஆராயும் குழுவும் இருக்கிறது. கப்பல் வணிகமும் நிதியும் பேயஸ் பிசினஸ் ஸ்கூலில். கடல் சட்டத்துக்குக் குயின் மேரி. லண்டனை விட்டு வெளியே போகத் தயார் என்றால் சௌத்தாம்ப்டன், இங்கிலாந்தின் நியூகாஸில், கிளாஸ்கோவின் ஸ்ட்ராத்கிளைட் எல்லாமே பெயர் பெற்றவை. சரக்குக் கப்பல் அரிதாகவே கண்ணில் படும் இந்த நகரத்தை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கேட்டால், வகுப்புக்கு வெளியே இருக்கும் லண்டன்தான் பதில். கப்பல்களின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும், 1760இல் ஒரு காப்பிக் கடையில் தொடங்கிய லாய்ட்ஸ் ரெஜிஸ்டர் ஃபென்சர்ச் தெருவில் இருக்கிறது. 1889இல் தொடங்கிய மரைன் இன்ஜினியர்கள் கழகம் இங்கே. கப்பல்காரர்களின் உலகச் சங்கம் இங்கே, மாலுமிகளையும் உள்ளடக்கிய போக்குவரத்துத் தொழிலாளர்களின் உலகச் சம்மேளனம் இங்கே. சாயங்காலம் நடக்கும் தொழில்நுட்பச் சொற்பொழிவுகள் பலவற்றுக்கு மாணவர்கள் காசில்லாமல் போகலாம். நான் பாதிப் படிப்பை அந்த நாற்காலிகளில்தான் படித்தேன்.

தேம்ஸ் கரையில் விக்டோரியா எம்பாங்க்மென்ட்டில் சாமுவேல் பிளிம்சாலின் மார்பளவுச் சிலை ஒன்று இருக்கிறது. மாலுமிகள் சங்கம் 1929இல் வைத்தது. எல்லாக் கப்பலின் பக்கவாட்டிலும் இருக்கும் சுமைக்கோட்டுக்கு அவர் பெயர்தான். அளவுக்கு மீறிச் சுமை ஏற்றிய ஓட்டைக் கப்பல்களில் மாலுமிகளை அனுப்பிக் காப்பீட்டுப் பணம் வாங்கிய முதலாளிகளை எதிர்த்து நாடாளுமன்றத்தில் போராடியவர் அவர். 1876இல் சட்டம் வந்தது. ஆனால் அந்தச் சட்டம் கோடு போடச் சொன்னதே தவிர, கோட்டை எங்கே போடுவது என்பதை முதலாளியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. இடத்தைச் சட்டமே நிர்ணயிக்க 1890 ஆக வேண்டியிருந்தது. நடுவே பதினான்கு ஆண்டுகள். கோடு இருந்தது, பாதுகாப்பு இல்லை. இன்று எந்த வரைவை வாசித்தாலும் முதலில் அந்த மாதிரி வெற்றிடத்தைத்தான் தேடுகிறேன்.

நூலகத்தில் சோலாஸ் ஒப்பந்தத்தை முதல் பக்கத்திலிருந்து வாசித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. டைட்டானிக் மூழ்கியதன் விளைவாக 1914இல் இதே லண்டனில் முதன்முதலாக உருவான பாதுகாப்பு ஒப்பந்தம் அது. கப்பலில் அதன் அத்தியாயங்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருக்கிறோம், உயிர்காக்கும் படகு, தீயணைப்பு என்று. ஆனால் முதல் அத்தியாயத்தின் மூன்றாவது விதி யாரையெல்லாம் விட்டுவிடுகிறது என்று நின்று வாசித்ததில்லை. போர்க்கப்பல்கள், 500 டன்னுக்குக் குறைந்த சரக்குக் கப்பல்கள், இயந்திரம் இல்லாத கப்பல்கள், மீன்பிடிக் கப்பல்கள், கூடவே 'பழைய முறையில் கட்டப்பட்ட மரக்கப்பல்கள்'. தாத்தாவின் தோணி அங்கே இருந்தது. எங்கள் ஊர்க்கடலில் போய்த் திரும்பாத வல்லக்காரர்களும் விசைப்படகுக்காரர்களும் அங்கே இருந்தார்கள். மீன்பிடிக் கப்பல்களின் பாதுகாப்புக்கென்று 1977இல் ஸ்பெயினின் டொரெமொலினோஸில் தனி ஒப்பந்தம் எழுதினார்கள். போதுமான நாடுகள் ஏற்காததால் அது நடைமுறைக்கே வரவில்லை. அதுவும் 24 மீட்டருக்குக் குறையாத கப்பல்களுக்குத்தான். தூத்துக்குடியிலும் ராமேஸ்வரத்திலும் கடலுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் அந்த அளவுக்குள்ளும் வரமாட்டார்கள். இதை எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. பன்னாட்டு வணிகத்துக்கான ஒப்பந்தம், சிறு படகுகளை அந்தந்த நாடு பார்த்துக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு. ஆனால் நாடுகள் பார்த்துக்கொண்டனவா என்ற கேள்வியை எங்கள் கடற்கரைப் பிள்ளைகள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? என் ஆய்வேட்டை அதைப் பற்றித்தான் எழுதினேன்.

பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் தலைமையகம் ஆல்பர்ட் எம்பாங்க்மென்ட்டில், லாம்பெத் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிரிட்டனில் தலைமையகம் வைத்திருக்கும் ஒரே ஐ.நா. சிறப்பு அமைப்பு. வாசலில் ஒரு கப்பலின் முகப்பு, ஏழு மீட்டர் உயர வெண்கலம், அதன் முனையில் தனியாக ஒரு மாலுமி. இந்தக் கட்டடம் திறந்த 1983இல் அமைப்பின் பொதுச்செயலாளராக இருந்தவர் இந்தியரான சி.பி. ஸ்ரீவாஸ்தவா. ஷிப்பிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியாவை நடத்தியவர், லால் பகதூர் சாஸ்திரியிடம் பணியாற்றியவர், 1974 முதல் 1989 வரை இந்த அமைப்பின் தலைமையில் இருந்தவர். விதிகளை எழுதிக் குவிப்பதில் பயனில்லை, அவற்றை நடைமுறைப்படுத்த வளரும் நாடுகளில் படித்த ஆட்கள் வேண்டும் என்று சொல்லி, அதே 1983இல் ஸ்வீடனின் மால்மோவில் உலகக் கடல்சார் பல்கலைக்கழகம் உருவாக வழி செய்தார். இன்று பல நாடுகளின் கடல்துறை அதிகாரிகள் அங்கே படித்தவர்கள். கட்டணம் கட்ட முடியாத இளைஞர்களுக்கு ஜப்பானின் நிப்பான் அறக்கட்டளை தரும் உதவித்தொகையும் அங்கே இருக்கிறது. லண்டனை நினைத்துக் கொண்டிருப்பவர்களிடம் மால்மோவையும் சேர்த்து யோசிக்கச் சொல்கிறேன்.

ஆலோசனைத் தகுதி பெற்ற ஓர் அமைப்பின் குழுவில் தொழில்நுட்ப ஆலோசகனாக நான் அந்தக் கட்டடத்துக்குள் போகத் தொடங்கினேன். மொத்தம் 176 உறுப்பு நாடுகள். பேச விரும்புகிறவர் பெயர்ப்பலகையைத் தூக்குவார். ஆறு மொழிகளில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பு ஓடும். பொது மண்டபத்தில் நடப்பது பாதிதான். உண்மையான வேலை சிறு அறைகளில், திரையில் வரைவைப் போட்டுக்கொண்டு, வரி வரியாக நடக்கும். ஒத்துக்கொள்ளாத எண்கள் சதுர அடைப்புக்குள் நிற்கும். 2023 ஜூலைக் கூட்டத்தில், கப்பல்களின் உமிழ்வைக் குறைப்பதில் 2030க்கான இலக்கு அப்படித்தான் நின்றது. இருபது சதவீதம் போதும் என்று ஒரு பக்கம், போதவே போதாது என்று இன்னொரு பக்கம். கடைசியில் 2008ஐ ஒப்பிட்டு 2030க்குள் குறைந்தது 20 சதவீதம், 30க்கு முயல்வது. 2040க்குள் குறைந்தது 70, 80க்கு முயல்வது. 2050ஐ ஒட்டி நிகரப் பூஜ்யம். ஓர் இலக்குக்கு இரண்டு எண்கள் என்பது பொறியாளருக்குப் பிடிக்காத விஷயம். எனக்கும் முதலில் பிடிக்கவில்லை. ஆனால் அடைப்புக்குறி நீங்க அதுதான் வழியாக இருந்தது. நீங்காத அடைப்புக்குறியை வைத்துக்கொண்டு எந்தக் கப்பல்காரரும் புதுக் கப்பலுக்கு ஆர்டர் கொடுக்க மாட்டார்.

அந்த எண்களுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். 2015இல் மார்ஷல் தீவுகளின் வெளியுறவு அமைச்சர் டோனி டி புரும் இதே மண்டபத்துக்கு வந்து, கப்பல் துறைக்கு உமிழ்வு இலக்கு வேண்டும் என்று கேட்டார். கடல் மட்டம் உயர்ந்தால் இல்லாமல் போகும் நாடு அது. அதே நேரம் உலகின் மிகப்பெரிய கப்பல் பதிவு நாடுகளில் ஒன்று. அவர் 2017இல் இறந்துவிட்டார். அடுத்த ஆண்டு, 2018 ஏப்ரலில், முதல் இலக்கு வந்தது. 2018இல் உலக உமிழ்வில் கப்பல்களின் பங்கு 2.89 சதவீதம் என்று அமைப்பின் நான்காவது ஆய்வு கணக்கிட்டது. சிறிய எண் போலத் தெரியும். ஆனால் எந்த நாட்டின் கணக்கிலும் சரியாகச் சேராத புகை என்பதால், இந்தக் கட்டடத்தில் முடிவெடுக்காவிட்டால் வேறு எங்கும் எடுக்க முடியாது.

2025 ஏப்ரலில் எரிபொருள் தரமும் உமிழ்வுக் கட்டணமும் கொண்ட திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது, 63 நாடுகள் ஆதரவு, 16 எதிர்ப்பு. அக்டோபரில் அதை முறைப்படி ஏற்கக் கூடிய கூட்டம், ஓராண்டு ஒத்திவைப்பு என்று முடிந்தது. ஒத்திவைக்க 57 நாடுகள், வேண்டாம் என்று 49. என் வேலையில் இவ்வளவு மனம் தளர்ந்த வாரம் வேறில்லை. பெரிய அரசுகளின் அழுத்தம், எண்ணெய் நாடுகளின் கணக்கு எல்லாம் பத்திரிகைகளில் வந்தன. எனக்குத் தோன்றிய கவலை வேறு. மெத்தனாலுக்கும் அம்மோனியாவுக்கும் இன்ஜின் ஆர்டர் செய்துவிட்டுக் காத்திருக்கும் கப்பல்காரர்கள் நம்பிக்கை இழந்தால், அடுத்த இருபத்தைந்து வருடம் ஓடப்போகும் கப்பல்களும் பழைய எண்ணெயையே எரிக்கும். கப்பலின் ஆயுள் அரசாங்கங்களின் ஆயுளைவிட நீளம்.

இந்த அறைகளில் இன்ஜினியருக்கு என்ன வேலை என்பதற்கு ஓர் உதாரணம். 2023 ஜனவரி 1 முதல் பெரிய கப்பல்களுக்கு கரிமத் திறன் தர வரிசை வந்தது, ஏ முதல் இ வரை. ஓராண்டில் எரித்த எண்ணெயிலிருந்து வந்த கரியமில வாயுவை, கப்பலின் கொள்ளளவாலும் ஓடிய தூரத்தாலும் வகுப்பார்கள். கனரக எண்ணெய் ஒரு டன்னுக்கு 3.114 டன் வாயு என்ற எண்ணை எல்லா சீஃப் இன்ஜினியரும் தூக்கத்திலும் சொல்வார். சூத்திரம் எளிமையானது, அதில்தான் சிக்கல். நங்கூரத்தில் நிற்கும் கப்பலில் ஜெனரேட்டரும் பாய்லரும் ஓடிக்கொண்டே இருக்கும், தூரம் பூஜ்யம். துறைமுகம் இடம் தராததற்குக் கப்பலின் தரம் இறங்கும். இன்னொரு பக்கம், கொள்ளளவு என்பது ஏற்றிய சரக்கின் எடை அல்ல. ஆகவே காலியாக நீண்ட தூரம் ஓடிய கப்பலுக்கு நல்ல தரம் கிடைத்துவிடும். தொடர்ந்து மூன்று ஆண்டு டி, அல்லது ஒரே ஆண்டு இ வாங்கினால் திருத்தத் திட்டம் எழுதித் தர வேண்டும். காத்திருந்த காலத்தைத் தனியாகக் காட்டும் முறை வேண்டும் என்று வாதிடுவதற்கு, நங்கூரத்தில் எந்த இயந்திரம் எவ்வளவு எரிக்கும் என்ற பதிவுகளோடு போனோம். பொருளாதாரம் படித்தவர்கள் அந்தத் தாள்களை வாங்கிக்கொண்டு கேட்ட கேள்விகள் மிகவும் கூர்மையானவை. இருவருக்கும் பொதுவான மொழி இருந்ததால்தான் அந்தப் பேச்சு நடந்தது. என் படிப்பு எனக்குத் தந்தது அந்த மொழி.

வேலைகளைப் பற்றி நேரடியாகவே சொல்லிவிடுகிறேன், ஊரிலிருந்து பேசும் பிள்ளைகள் முதலில் கேட்பது அதைத்தான். சீஃப் இன்ஜினியர் கப்பலில் வாங்கும் சம்பளம் கரையில் ஆரம்பத்தில் கிடைக்காது. கிடைப்பது வீட்டுச் சாப்பாடும் பிள்ளைகளின் பள்ளி நாட்களும். சூப்பரின்டென்டென்ட் வேலைக்கு முதுகலை தேவையில்லை, டிக்கெட் என்று நாங்கள் சொல்லும் தகுதிச் சான்றிதழும் அனுபவமும் போதும். கிளாஸ் சர்வேயர் வேலையும் அப்படித்தான். பரஸ்பரக் காப்பீட்டுக் கழகங்களில் விபத்துக் கோரிக்கைகளைக் கையாளும் பிரிவில், சட்டமும் தெரிந்த இன்ஜினியருக்கு மதிப்பு அதிகம். ஆலோசனை நிறுவனங்கள், கப்பலுக்குக் கடன் தரும் வங்கிகள், உமிழ்வுக் கணக்குப் பார்க்கும் அமைப்புகள், மாலுமிச் சங்கங்கள், பல்கலைக்கழக ஆய்வுக் குழுக்கள் ஆகியவை முதுகலைக்குப் பிறகு திறக்கும் கதவுகள். பன்னாட்டு அமைப்பின் செயலகத்தில் நேரடி வேலை அரிது, போட்டி கடுமை. படித்து முடித்து இங்கே வேலை தேடத் தரும் விசாக் காலமும் சுருங்கி வருகிறது. கல்விக் கட்டணத்துக்கு வீட்டை அடகு வைத்துவிட்டு வராதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். செவனிங், காமன்வெல்த் உதவித்தொகைகளுக்கு ஓராண்டு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பட்டம் வாங்கிய கையோடு கடலுக்கே போகாமல் வருபவர்களை நான் ஊக்குவிப்பதில்லை. கொஞ்சம் எண்ணெய் நாற்றம் உடம்பில் ஏறிய பிறகு வந்தால், வகுப்பில் வாசிப்பது ஒவ்வொன்றும் ஏதாவது ஓர் இயந்திரத்தின் மேல் போய் உட்காரும்.

போன மாதம் ராமநாதபுரத்துப் பையன் ஒருவன் கப்பலிலிருந்து பேசினான். கிளாஸ் டூ முடித்தவன். அம்மோனியா எரிபொருள் பற்றிப் பேச்சு போனது. ஒரு டன் கனரக எண்ணெய் தரும் சக்தியில் பாதிகூட ஒரு டன் அம்மோனியா தராது, ஆகவே டேங்க் பெரிதாகும். அதைவிட முக்கியம், அது நஞ்சு. காற்றில் பத்து லட்சத்தில் 300 பங்கு இருந்தாலே உயிருக்கு ஆபத்து. 2024 டிசம்பரில் அம்மோனியாக் கப்பல்களுக்கான இடைக்கால வழிகாட்டுதல் ஒப்புதலாகிவிட்டது. பயிற்சி விதிகள் இப்போதுதான் எழுதப்பட்டு வருகின்றன. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் கேட்டான்: "அண்ணே, லீக் ஆச்சுன்னா ரூமை மூடணும்னு போட்டிருக்கீக. உள்ள ஒருத்தன் மாட்டிக்கிட்டான்னா யாரு போய்த் தூக்குறது? என்ன சூட் போட்டுக்கிட்டு? கப்பல்ல மொத்தமே இருவது பேருதானே?"

அதை அப்படியே எழுதி அனுப்பச் சொன்னேன். மூடிய இடத்தில் மயங்கியவரை வெளியே எடுக்கும் ஒத்திகை அவன் கப்பலில் எவ்வளவு நேரம் பிடித்தது, ஸ்ட்ரெச்சர் எந்தத் திருப்பத்தில் மாட்டியது, ஆக்ஸிஜன் சிலிண்டர் எத்தனை நிமிடம் வந்தது என்று படம் வரைந்து அனுப்பியிருக்கிறான். பன்னாட்டு அமைப்பின் கமிட்டிக்குக் கொடுக்கும் கருத்துரை நான்கு பக்கத்தைத் தாண்டக் கூடாது, கூட்டத்துக்கு ஏழு வாரம் முன்பே போய்ச் சேர வேண்டும். அவனுடைய படத்தை இரண்டாவது பக்கத்தில் வைத்திருக்கிறேன்.